மாருதி 800 ஸ்பீடோமீற்றர் பிழையாக் காட்டுது, யாழ்ப்பாணத்தில ஆர் திருத்துவினம்?

வணக்கம் உறவுகள். போன மாசம் பழைய மாருதி 800 ஒண்டு வாங்கினனான். மீற்றர் 60 காட்டேக்க போன் ஜிபிஎஸ் 72 காட்டுது. 40க்குக் கீழ முள்ளு நடுங்குது.

முதல் ரயரைப் பாத்தன். 145/70 ஆர் 12 அளவு போடவேண்டிய இடத்தில, முந்தி வச்சிருந்தவர் அதைவிட உயரம் கூடின 145/80 போட்டிருக்கிறார். சில்லுப் பெரிசானால் மீற்றர் குறைச்சுத்தான் காட்டும். ஆனா கணக்குப் பாத்தா அது 6 வீதம்கூட வராது. இங்க 20 வீத வித்தியாசம்.

கண்டி வீதியில கிலோமீற்றர் கல்லைப் பாத்து 20 கிலோமீற்றர் ஓடினன். ஓடின தூரம் காட்டுற ஓடோமீற்றரில 18.9 ஏறியிருந்தது. அது ரயர்க் கணக்கோட சரி. வேக முள்ளும் ஓடோமீற்றரும் ஒரே கேபிளில ஓடுறதால, மிச்சப் பிழை மீற்றருக்குள்ள முள்ளைத் திருப்புற காந்தம் இல்லாட்டி அதைத் திருப்பி இழுக்கிற மயிர்ச்சுருளிலதான் எண்டு நினைக்கிறன். நடுக்கத்துக்குக் கேபிள் காய்ஞ்சது காரணமாயிருக்கலாம்.

கராஜில முழு மீற்றரையும் மாத்தச் சொல்லுகினம். எனக்கு மனமில்லை, ஓடின கணக்கும் போயிடும். யாழ்ப்பாணம், சாவகச்சேரிப் பக்கம் மீற்றரைக் கழட்டி முள்ளைச் சரிபண்ணுற ஆக்கள் ஆரும் இருக்கினமா? என்ன செலவு வரும்? அம்மாவை ஏத்திக்கொண்டு ஓடுற கார், வேகம் தெரியாமல் ஓடப் பயமாக்கிடக்கு.