ஓய்வுக்கு மூன்று ஆண்டுகள்: டிவிடெண்ட் பங்குகளுக்கு மாறலாமா?

கரையோரம்:
வயது 47. ஐம்பதில் வேலையை விடத் தீர்மானித்திருக்கிறேன். பன்னிரண்டு ஆண்டுகளாக, சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கி வைக்கும் இண்டெக்ஸ் ஃபண்டில் மட்டுமே பணம் போட்டு வருகிறேன். இனிச் சம்பளம் வராது என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. யூனிட்டுகளை விற்றுச் சாப்பிடுவது விதைநெல்லைக் குத்தித் தின்பதுபோல் படுகிறது. எல்லாவற்றையும் டிவிடெண்ட், அதாவது லாபத்திலிருந்து ஈவுத்தொகை, தரும் பங்குகளுக்கு மாற்றிவிடலாமா?

எண்கணிதன்:
வேண்டாம். விதைநெல் உவமை இங்கே பொருந்தாது. 100 மதிப்புள்ள பங்கு 4 டிவிடெண்ட் கொடுத்தால், எக்ஸ்-டிவிடெண்ட் தேதியன்று (அன்று முதல் வாங்குபவருக்கு அந்த டிவிடெண்ட் கிடையாது) அதன் விலை ஏறக்குறைய 96 ஆகிவிடும். நீங்களே 4 மதிப்புக்கு விற்றாலும் மிச்சம் அதே 96தான். வரி இல்லாத சந்தையில் இரண்டும் ஒன்றே என்று பொருளியலாளர்கள் மில்லரும் மொடிக்லியானியும் 1961-லேயே காட்டிவிட்டார்கள். வரி வந்தால் விற்பவர் கைதான் பெரும்பாலும் ஓங்கும். எப்போது விற்பது என்பது அவர் முடிவு. பன்னிரண்டு ஆண்டு லாபத்தை ஒரே மூச்சில் விற்று மாறினால் அதற்கான வரி வேறு.

மழைக்காலம்:
கணக்கு சரி. அதில் மனிதர் இல்லை. நானும் என் கணவரும் 2007 இறுதியில் ஓய்வு பெற்றோம். 2009 மார்ச்சுக்குள் அமெரிக்காவின் 500 பெரிய நிறுவனங்களைக் கொண்ட எஸ் அண்ட் பி 500 குறியீடு உச்சத்திலிருந்து 57 சதவீதம் சரிந்தது. அதே நிறுவனங்கள் 2009-இல் கொடுத்த டிவிடெண்ட் முந்தைய ஆண்டைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் குறைந்தது. கணவரின் பணம் இண்டெக்ஸில் இருந்தது. ‘விற்க’ என்ற பொத்தானின் மேல் அம்புக்குறியை நிறுத்திவிட்டு அரைமணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பத்து யூனிட் விற்ற இடத்தில் இருபதுக்கு மேல் விற்க வேண்டியிருந்தது. நான் என் டிவிடெண்ட் பங்குகளின் விலையைப் பார்க்காமலே அந்த ஆண்டைக் கடந்தேன்.

எண்கணிதன்:
அம்மா, உங்கள் அனுபவத்தை மறுக்கவில்லை. ஆனால் அந்த ஐந்தில் ஒரு பங்கு என்பது 500 நிறுவனங்களின் மொத்தக் கணக்கு. அதாவது, இண்டெக்ஸ் வைத்திருந்தவருக்குக் கிடைத்தது. தனிப்பங்குகளைப் பொறுக்கியவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஜெனரல் எலெக்ட்ரிக் 2009-இல் காலாண்டு டிவிடெண்டை 31 சென்ட்டிலிருந்து 10 ஆக வெட்டியது. 2018-இல் ஒரே ஒரு சென்ட்டாக்கியது. ஷெல் 2020-இல் மூன்றில் இரண்டு பங்கைக் குறைத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அதுவே முதல் முறை.

மழைக்காலம்:
உண்மைதான். என்னிடம் இருந்த ஒரு வங்கியும் அப்போது டிவிடெண்டை அறவே நிறுத்தியது. ஈவு விகிதம் (பங்கு விலையில் டிவிடெண்ட் எத்தனை சதவீதம் என்பது) பெரிதாக இருக்கிறதே என்று வாங்கியிருந்தேன். விலை விழுந்ததால்தான் விகிதம் பெருத்துத் தெரிந்தது என்பது பிறகே உறைத்தது. சரி, சரிவில் விற்காமலிருக்க உங்கள் வழி என்ன?

எண்கணிதன்:
இரண்டு ஆண்டுச் செலவை வங்கி வைப்பில் ஒதுக்குவது. ஃபண்ட் தரும் டிவிடெண்டை மறுமுதலீடு செய்யாமல் கையில் வாங்குவது. எடுப்பதையும் குறைக்க வேண்டும். முதல் ஆண்டில் சேமிப்பில் 4 சதவீதம் எடுத்து, பிறகு பணவீக்கத்துக்கேற்ப அதை உயர்த்தலாம் என்று 1994-இல் நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் போட்ட கணக்கு 30 ஆண்டு ஓய்வுக்கானது. ஐம்பதில் நிற்பவருக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேலும் தேவைப்படலாம்.

மழைக்காலம்:
இரண்டு போதாது. அந்தக் குறியீடு 2007-இன் உச்சத்தை மீண்டும் தொட்டது 2013-இல். நான்கு ஆண்டுச் செலவையாவது வையுங்கள்.

எண்கணிதன்:
நான்கு ஆண்டு ரொக்கத்தைப் பணவீக்கம் அரிக்கும். மூன்று வரை ஒப்புக்கொள்கிறேன்.

கரையோரம்:
இருவருக்கும் நன்றி. இண்டெக்ஸை அப்படியே விடுகிறேன். இந்த மாதம் முதல் சேமிப்பெல்லாம் வைப்புக்கே. நேற்றிரவு கடந்த பன்னிரண்டு மாதச் செலவை எழுதிக் கூட்டினேன். நினைத்திருந்ததைவிட ஆறில் ஒரு பங்கு அதிகம். ஐம்பது என்றது ஐம்பத்திரண்டாகலாம்.

மழைக்காலம்:
வேலை போனால் மருத்துவக் காப்பீட்டை நீங்களே கட்ட வேண்டியிருக்கும். அதையும் சேர்த்துத்தான் கூட்டினீர்களா?