பைக் ஏற்ற மூடிய டிரெய்லரா, மூடிய பாடி வண்டியா? வேலூர் வட்டாரத்து அனுபவங்கள்

காட்பாடியிலிருந்து ஓர் உறுப்பினர்:

பழைய பைக்குகளைப் புதுப்பித்துக் கொடுப்பது என் தொழில். சாலையில் ஓட்டக் கூடாத நிலையில் இருக்கும் வண்டிகளை ஊர்விட்டு ஊர் கொண்டு செல்வதும், இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்குப் போகும் இளைஞர்களின் வண்டிகளை ஏற்றி இறக்குவதும் அதனோடு ஒட்டிக்கொண்ட வேலைகள். திறந்த வண்டியில் ஏற்றினால், வாலாஜாவைத் தாண்டியதும் சாலைப் பணி நடக்கும் இடங்களில் எழும் புழுதி செயினில் போட்ட எண்ணெயோடு சேர்ந்து பசையாகிவிடுகிறது. ஐப்பசி மழையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இரவு வெளியூரில் தங்க நேர்ந்தால் பைக்கையும் கருவிகளையும் உள்ளேயே பூட்டிவிட்டு நிம்மதியாகப் படுக்கலாம் என்பதுதான் மூடிய பெட்டியின் பெரிய லாபம்.

காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் டிரெய்லரை வாங்க நினைப்பவர்கள் நீளத்தையும் விலையையும் கேட்கிறார்கள். நான் முதலில் அளப்பது அதன் தளம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதை. தளம் ஒன்றரை அடி உயரத்தில் இருந்தால், ஆறடிச் சாய்வுப் பலகை ஏறத்தாழ 14 டிகிரியில் நிற்கும்; ஒருவரே பைக்கைத் தள்ளி ஏற்றிவிடலாம். பிக்கப் வண்டியைப் போல இரண்டரை அடி உயரம் என்றால் அதே பலகை ஏறத்தாழ 25 டிகிரிக்கு எழும்பிவிடும். அப்போது இரண்டு பேர் வேண்டும். பலகையும் தளமும் சேரும் விளிம்பில் சைலன்சரோ எஞ்சினின் அடிப்பாகமோ உரசுகிறதா என்று குனிந்து பார்க்க மூன்றாவதாக ஒருவரும் வேண்டும். பின்கதவே கீழே சாய்ந்து பலகையாக மாறும் அமைப்பு இருந்தால் தனிப்பலகை நழுவும் கவலையும் இல்லை.

ஆற்காட்டிலிருந்து:

அண்ணன் சொல்வது சரி. ஆனால் எங்கள் பக்கத்தில் டிரெய்லரைக் காட்டிலும் டாடா ஏஸ் மீது மூடிய பாடி கட்டிக்கொள்பவர்களே அதிகம் என்பதால், அதன் அளவுகளையும் சொல்லிவிடுகிறேன். ஏஸின் தளம் ஏறத்தாழ 2,200 மி.மீ. நீளமும் 1,490 மி.மீ. அகலமும் கொண்டது. கிளாசிக் 350 பைக்கின் நீளம் 2,145 மி.மீ.; காகிதத்தில் இடம் இருக்கிறது, ஆனால் முன்சக்கரத்தைப் பிடிக்கும் கிளாம்பையும் உட்சுவரின் தடிமனையும் கழித்தால் கதவு மூடாது. ஹேண்டில் பாரின் அகலம் 785 மி.மீ. என்பதால் இரண்டு பைக்குகளை அருகருகே ஒரே திசையில் நிறுத்தவும் முடியாது. ஒன்று முன்னோக்கியும் மற்றொன்று பின்னோக்கியும் நின்றால்தான் ஹேண்டில் பார்கள் ஒன்றையொன்று இடிக்காது. இரண்டு கனமான பைக்குகள் என்றால் ஒன்பதடித் தளமுள்ள பிக்கப்புக்குப் போய்விடுவது நல்லது.

பைக்கைக் கட்டும் பெல்ட்டை மாட்டத் தளத்தில் இருக்கும் கொக்கிகளையும் பாருங்கள். வாடகைக்கு வந்த ஒரு மூடிய வண்டியில் என் வாடிக்கையாளரின் ஆர்.எக்ஸ். 100-ஐ அனுப்பினேன். இறக்கும்போது பைக் சுவரில் சாய்ந்து கிடந்தது. டேங்கின் இடப்பக்கம் உள்ளங்கை அளவுக்கு நசுங்கியிருந்தது. பெல்ட் அறுபடவில்லை. அதன் முனையில் கொக்கி அப்படியே தொங்கியது. கொக்கியின் நான்கு ஸ்குருக்களிலும் பிளைவுட் சிராய்கள் சுற்றியிருந்தன. அடியில் இருக்கும் இரும்புச் சட்டத்தோடு போல்ட் போட்டு முடுக்காமல் பலகையில் மட்டும் திருகி வைத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து எந்த வண்டியானாலும் கீழே படுத்து, போல்ட்டும் நட்டும் மறுபுறம் தெரிகிறதா என்று பார்த்த பிறகே வாடகை பேசுகிறேன்.

ராணிப்பேட்டைக்காரர், இப்போது டெக்சஸில் வசிப்பவர்:

இங்கே பைக்குக்கு அதிகம் விற்பது ஆறடி அகலமும் பன்னிரண்டடி நீளமும் கொண்ட ஒற்றை ஆக்சில் (சக்கர அச்சு) டிரெய்லர் பெட்டி. அதில் 2,990 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 1,356 கிலோ, என்று அதிகபட்ச மொத்த எடை எழுதியிருப்பார்கள். அமெரிக்காவின் பல மாநிலங்களில் 3,000 பவுண்டுக்கு மேல் டிரெய்லருக்குத் தனி பிரேக் வேண்டும் என்பதால் அந்த எண். அது பெட்டியின் சொந்த எடையையும் சேர்த்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பெட்டியின் எடையைக் கழித்துவிட்டுத்தான் பைக், கருவிகள், பெட்ரோல் கேன் எல்லாவற்றையும் கணக்கிட வேண்டும்.

இதைவிட முக்கியமானது எடை எங்கே உட்காருகிறது என்பது. மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் காரின் இணைப்புக் கொக்கியின் மீது இறங்க வேண்டும். பைக்குகளைப் பின்கதவை ஒட்டி நிறுத்தினால் முன்பக்கம் இலேசாகி, வேகம் கூடும்போது டிரெய்லர் இருபுறமும் ஆடத் தொடங்கும். ஒருமுறை ஆடத் தொடங்கினால் அடக்குவது எளிதல்ல. ஆகவே ஆக்சிலுக்குச் சற்று முன்னால் கனம் விழும்படி முன்சக்கரக் கிளாம்பைப் பொருத்துங்கள்.

காட்பாடியிலிருந்து மீண்டும்:

தம்பி சொன்னதோடு கட்டும் முறையையும் சேர்த்துக்கொள்ளலாம். ஹேண்டில் பாரின் நுனியில் பெல்ட் போடாமல், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் கீழ் கிளாம்பில் துணி வளையம் மாட்டி, அதிலிருந்து இருபுறமும் சாய்வாகக் கீழே இழுக்க வேண்டும். ஃபோர்க் பாதி அமுங்கினால் போதும். முழுவதும் அமுக்கினால் ஆயில் சீலுக்குக் கேடு, அமுக்காமல் விட்டால் குழியில் எழும்பும்போது பெல்ட் தளர்ந்து கொக்கி கழன்றுவிடும். சைடு ஸ்டாண்டை மடக்கிவிட்டுத்தான் கட்ட வேண்டும். புறப்பட்ட சில கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்தி பெல்ட்டை முடுக்கிப் பாருங்கள். நான் வழக்கமாக ரத்தினகிரிப் பக்கம் நிறுத்துவேன்.

அக்னி நட்சத்திர வெயிலில் தகரப் பெட்டிக்குள் பெட்ரோல் ஆவி தேங்கும் என்பதால், மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகக் காற்றுத் துவாரம் இல்லாத பெட்டியை நான் வாங்கவே மாட்டேன். டேங்கில் பெட்ரோலைக் குறைத்து வைப்பதும் அவசியம்.

நம் ஊருக்கு எது என்று கேட்டால், என் தீர்ப்பு பயணத்தைப் பொறுத்தது. நெடுஞ்சாலையில் நேராக இருங்காட்டுக்கோட்டைக்குப் போய் வருபவருக்குத் தாழ்ந்த டிரெய்லர் சுகம். ஏலகிரியின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளிலோ, ஆற்காட்டுக் கடைத்தெருவில் பின்னோக்கி எடுக்கும்போதோ அதே டிரெய்லர் உயிரை வாங்கும். அங்கே மூடிய பிக்கப்தான் உதவும். டிரெய்லர்தான் வேண்டும் என்பவர்கள், அதற்கும் தனிப் பதிவு வேண்டும் என்பதால், பாடி கட்டும் பட்டறையில் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள். இழுக்கப் போகும் காரின் கையேட்டில் இழுவை எடை குறித்திருக்கிறதா என்றும் அன்றே பார்த்துவிடுங்கள்.