வீட்டுத் தோட்டத்து ஓணான், அரணை, பல்லி: பார்த்ததும் படமெடுத்ததும் (அனுபவப் பகிர்வு; ஒவ்வொரு பதிவின் மேலும் எழுதியவரின் புனைபெயர்)

வேலியோரம்

செம்பருத்தியின் அடியில் முட்டையிட்ட பெண் ஓணானைப் பற்றி எழுத வந்தேன். மழை விட்டு மண் இளகியிருந்த ஒரு காலை அது. ஓணான் குழி பறிப்பதை இங்குள்ள பலரும் பார்த்திருப்பீர்கள் என்பதால் அதை விவரிக்கவில்லை. முட்டையிட்டு முடித்த பின் அது செய்த செயல்தான் இன்னும் மனத்தை விட்டு அகலவில்லை. மண்ணை இழுத்து மூடியதும் மூக்கு நுனியால் அந்த இடத்தைக் குத்திக் குத்தி இறுக்கியது. ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் தலையைச் சற்றே சாய்த்து, என் பக்கமிருந்த ஒற்றைக் கண்ணை உருட்டி என்னைப் பார்த்தது. நான் நீண்ட லென்ஸோடு தரையில் படுத்திருந்தேன். மற்ற நாட்களில் அதைவிடத் தொலைவில் என் கை அசைந்தாலே வேலிக்குத் தாவிவிடும் அதே ஓணான், அன்று ஓடவில்லை. முகமெல்லாம் ஈரமண் அப்பியிருக்க, கண் மட்டும் தெளிவாக விழுந்த படம் என்னிடம் இருக்கிறது. அது என்னைப் பொருட்படுத்தவில்லையா, அல்லது ஓட முடியாத நிலையில் இருந்ததா? அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் இக்கேள்வி எழுகிறது.

நிழற்கொடி

என் அனுபவம் அரணையோடு. சருகுகளுக்கு நடுவே வெயில் விழும் ஒரு கல்லின்மேல் அது வந்து படுக்கும். அந்தக் கல்லுக்கு முன்கூட்டியே குவியத்தை (ஃபோகஸ்) பொருத்திவிட்டுக் காத்திருப்பது என் வழக்கம். அன்று அரணை வந்து அடங்கிய சற்று நேரத்தில் புதரிலிருந்து செம்போத்து ஒன்று இறங்கி நேரே கொத்தியது. மறுகணம் கல்லின்மேல் அரணை இல்லை, வால் மட்டும் இருந்தது. அந்த வால் துடித்த துடிப்பை எப்படிச் சொல்வது! வளைந்து, நிமிர்ந்து, எகிறிக் கீழே விழுந்து, சருகுக்குள்ளும் துள்ளிக்கொண்டே இருந்தது. செம்போத்து அரணையை மறந்து வாலைத் துரத்தித் துரத்திக் கொத்தி விழுங்கியது. தலைக்காக அமைத்திருந்த சட்டகத்தில், இரத்தம் ஏறக்குறையச் சிந்தாத ஒரு வால் மட்டுமே பதிந்திருக்கிறது. வால் முள்ளெலும்புகளுக்குள்ளேயே உடைவதற்கென்று மெலிந்த தளங்கள் உண்டு என்பதையும், உடைந்த இடத்தில் தசை சுருங்கி இரத்தக் குழாயை அடைத்துவிடும் என்பதையும் முன்பே படித்திருந்தேன். கண்ணெதிரே நடந்தபோது அந்தப் படிப்பு எதற்கும் உதவவில்லை. பின்பு அதே அரணை மொட்டை வாலோடு அதே கல்லுக்கு வந்தது. ஆனால் நடுவில் படுக்காமல், சருகை ஒட்டிய விளிம்பிலேயே படுத்தது.

வேலியோரம் அவர்களே, உங்கள் ஓணான் உங்களைப் பொருட்படுத்தவில்லை என்று எனக்குத் தோன்றவில்லை. குழியை மூடாமல் ஓடினால் முட்டைகள் எறும்புக்கு இரையாகும், ஓடாமல் நின்றால் தன் உயிருக்கே ஆபத்து. இரண்டுக்கும் நடுவே நின்று அது உங்களை அளந்துகொண்டிருந்தது என்றே கொள்கிறேன்.

கல்மேடு

ஓணான் "அளந்தது" என்பதை நான் ஏற்கவில்லை. அதன் கண்கள் பக்கவாட்டில் அமைந்தவை. அசைவைத்தான் அவை முதலில் பிடிக்கும். படுத்த நிலையில் அசையாத மனிதன் அதற்கு ஒரு மண்மேடு, அவ்வளவே. இதை நான் பார்த்தே சொல்கிறேன்: கல்லோடு கல்லாக உட்கார்ந்திருந்த என் லென்ஸின் முனைக்கே ஓர் ஓணான் குஞ்சு தாவி ஏறி, அங்கே ஊர்ந்த எறும்பைக் கவ்விக்கொண்டு, அந்த இடத்திலேயே வெயில் காயத் தொடங்கியது. அதன் நகங்கள் உலோக விளிம்பைப் பற்றியிருந்த அந்த நேரத்தில் மூச்சுவிடவும் எனக்கு மனமில்லை.

புதிதாகப் படமெடுக்க வருவோருக்காகச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். இவை உடற்சூட்டை வெயிலிலிருந்து பெறும் உயிர்கள். காலையில் உடல் சூடேறும் முன் அவை மந்தமாக இருப்பதால் அதுவே எளிய நேரம் என்று பலர் சொல்வது உண்மைதான்; ஆனால் அந்த நேரத்தில் விரட்டப்பட்ட ஓணான் இரைதேடவும் செரிக்கவும் வேண்டிய சூட்டை மறுபடியும் முதலிலிருந்து சேர்க்க வேண்டும் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. ஆகவே அது முழுதாக வெயில் காய்ந்த பிறகு நெருங்குங்கள். மேலிருந்து குனியாதீர்கள். ஓணானுக்கும் அரணைக்கும் உச்சந்தலையில் ஒரு செதிலுக்கு அடியில் வெளிச்சத்தை மட்டும் உணரும் மூன்றாவது கண் உண்டு. அந்தக் கண்ணை விட்டுவிட்டாலும், மேலிருந்து விழும் நிழல் அவற்றுக்குப் பருந்தின் நிழலேயாகும். தரைமட்டத்தில் படுத்து, கண்ணுக்குக் குவியம் வைத்து, ஷட்டர் வேகத்தை 1/500 நொடிக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள். மிக அருகில் எடுப்பதற்கான 100 மி.மீ. மேக்ரோ லென்ஸில், உயிரின் அசல் அளவிலேயே பிம்பம் விழ ஏறத்தாழ 30 செ.மீ. வரை நெருங்க வேண்டும், அப்போது லென்ஸ் துளையை எஃப் 8 அளவுக்குச் சுருக்கினாலும் தெளிவாக விழும் ஆழம் ஒரு மில்லிமீட்டர் அளவே. அதற்காக உயிரைத் துன்புறுத்துவதைவிட 300 மி.மீ. லென்ஸோடு தள்ளி இருப்பதே மேல். படத்துக்கு அசையாமல் இருக்க வேண்டுமென்று குளிர்பதனப் பெட்டியில் வைத்து எடுப்போரும் இருக்கிறார்கள்; அதைக் கொடுமை என்றன்றி வேறெவ்வாறும் சொல்ல எனக்குத் தெரியவில்லை. வேலியோரம் அவர்களே, அந்த முட்டைகளைத் தோண்டிப் பார்க்காதீர்கள். தோல் போன்ற மெல்லிய ஓடு மண்ணின் ஈரத்தை உறிஞ்சியே பருக்கிறது, புரட்டினால் உள்ளே கரு சேதமடையக்கூடும். ஏறத்தாழ ஆறேழு வாரங்களில், வெப்பத்தைப் பொறுத்து, குஞ்சுகள் தாமாகவே வெளிவரும்.

வேலியோரம்

நான் தோண்டவில்லை, தோண்டும் எண்ணமும் இல்லை. ஆனால் மனிதன் அதற்கு மண்மேடு என்பதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. மண்மேட்டை ஒவ்வொரு குத்துக்கும் ஒருமுறை திரும்பிப் பார்ப்பானேன்?

இலைமறை

வேலியோரம் அவர்கள் பக்கமே நானும் நிற்கிறேன். ஓணான்களுக்கு மற்ற உயிர்களை இனம்பிரிக்கத் தெரியாது என்றால், அவற்றின் நிறமாற்றத்துக்கே பொருளில்லாமல் போகும். இனப்பெருக்கக் காலத்தில் எங்கள் முருங்கை மரத்தை ஓர் ஆண் ஓணான் தன்னுடையதாக்கிக்கொண்டிருந்தது. தலையும் தோளும் நெருப்பாகச் சிவந்து, தொண்டைக்குக் கீழே கறுப்புத் திட்டு விரிந்து, முன்னங்கால்களை ஊன்றி ஏறி இறங்கும் அந்தத் தோற்றத்தை நீங்கள் அறிவீர்கள். மற்றோர் ஆண், அதுவும் சிவந்ததே, கீழ்க்கிளைக்கு வந்தது. இரண்டும் தட்டையாக உடலைப் பரப்பிக்கொண்டு, வாய் பிளந்து மோதின. நான் தொடர்ந்து எடுத்துக்கொண்டே இருந்தேன். தோற்ற ஓணான் நழுவிக் கீழே விழுந்து தண்டோடு ஒட்டிக்கொண்டபோது அதன் சிவப்பு கழுவிவிட்டதைப் போல வடிந்து, உடல் முழுவதும் மங்கிய பழுப்பாகிவிட்டது. அடுத்தடுத்த இரண்டு படங்களை அருகருகே வைத்தால் ஒரே விலங்கு என்று யாரும் நம்புவதில்லை. காயம் எதுவும் தெரியவில்லை. அது என் கால் பக்கமாக இறங்கி வந்து நின்றது. என்னையல்ல, மேலே இருந்த ஆணையே அது பார்த்துக்கொண்டிருந்தது. யார் ஆபத்து, யார் அப்போதைக்கு ஆபத்தில்லை என்பதை அது தெளிவாகவே தெரிந்து வைத்திருந்தது.

கல்மேடு அவர்கள் லென்ஸைப் பற்றிச் சொன்னவை பயனுள்ளவைதாம். ஆயினும் தொலைவு ஒன்றே மரியாதை ஆகாது. தள்ளி நின்று, ஓயாமல் எழுந்தும் உட்கார்ந்தும் இடம் மாறும் படப்பிடிப்பாளரைவிட, அருகில் வந்து ஒரே இடத்தில் அடங்கி இருப்பவரை இவை விரைவில் ஏற்றுக்கொள்கின்றன.

கல்மேடு

நிறமாற்றம் சுரப்புநீர்களின் வேலை, தீர்மானத்தின் வேலையன்று. அருகில் அடங்கி இருப்பது நல்லது என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

தூறல்

ஓணான் விவாதத்துக்கு நடுவே ஒரு பல்லியைக் கொண்டுவருவதற்குப் பொறுத்தருளவும். இரவில் தொட்டிச் செடிகளுக்குப் பின்னாலுள்ள சுவரில், முன்பு ஒருமுறை வால் இழந்து புது வால் வளர்ந்த பல்லி ஒன்று வாழ்கிறது. இமையில்லாத தன் கண்ணை அது நாவால் துடைத்ததைப் படமெடுத்த அதே இரவில், வேறொரு பல்லி அதன் வாலைக் கவ்வியது. வால் மறுபடியும் அறுந்தது. ஆனால் புது வால் தனியாக விழவில்லை. அதற்கு மேலிருந்த பழைய வாலின் ஒரு துண்டையும் சேர்த்துக்கொண்டு விழுந்தது. நான் தவறாகப் பார்த்தேனா என்று இன்றும் குழம்புகிறேன். வளர்ந்த வாலை மறுபடியும் கழற்ற முடியுமா?

நிழற்கொடி

தூறல் அவர்களே, நீங்கள் சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். புதிதாக வளரும் வாலுக்குள் முள்ளெலும்புகள் இல்லை, ஒரே குருத்தெலும்புக் குழல்தான் ஓடுகிறது. உடைவதற்கான தளங்கள் முள்ளெலும்புகளில் இருப்பவை ஆகையால், அந்தப் புது வாலுக்குள் கழற்றுவதற்கு இடமே கிடையாது. எனவே அடுத்த முறை உடலுக்கு நெருக்கமாக எஞ்சியிருக்கும் பழைய வாலில்தான் உடையும், ஒவ்வொரு முறையும் அந்தப் பழைய பகுதி குறைந்துகொண்டே வரும். வாலில் சேமித்த கொழுப்பும் அதோடு போய்விடுவதால் உங்கள் பல்லி சில காலம் மெலிந்து தெரியலாம். ஓணானுக்கு இந்தத் திறன் இல்லை. அதன் வால் முறிந்தால் முன்போல வளர்வதில்லை என்பதால், வாலைப் பிடிக்கும் குழந்தைகளிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள். பழைய வாலும் புது வாலும் சேரும் எல்லையில் செதில் வரிசை சட்டென மாறும். நேரே ஒளியைப் பாய்ச்சினால் அது மறைந்துவிடும்; கைவிளக்கை ஒரு மெல்லிய வெள்ளைத் துணியால் மூடிப் பக்கவாட்டில் பிடித்து எடுத்தால் அந்த எல்லை படத்தில் தெளிவாக விழும்.