மறு: புரோலோதெரபிக்கு ஒரு சொல் – ‘சர்க்கரை ஊசி’ ஏன் கூடாது

குழு அன்பர்களுக்கு வணக்கம்.

மடல்கள் குவிந்துவிட்டன. தனித்தனியாகப் பதில் எழுத நேரமில்லை, எல்லாவற்றுக்கும் இதிலேயே சொல்லிவிடுகிறேன். இடையில் சேர்ந்தவர்களுக்காக: கோலாலம்பூரில் ஒரு தனியார் கிளினிக், மூட்டுவலிக்கும் நரம்புவலிக்கும் போடும் ஊசிகளுக்கான ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேட்டிருக்கிறது. அவற்றில் ஒன்று, மூட்டைக் கட்டும் தளர்ந்த நாரில் குளுக்கோஸ் நீரைச் செலுத்தும் புரோலோதெரபி. அதற்கும் மற்ற ஊசிகளுக்கும் தமிழில் என்ன பெயர் வைப்பது என்பதுதான் பேச்சு. இப்போது நம் பெரியவர்கள் மலாய்ப் படிவத்தில் தாதி விரல் வைக்கும் இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு முட்டியை நீட்டுகிறார்கள்.

> ‘சர்க்கரை ஊசி’ என்றே வைத்துவிடலாமே. எல்லாருக்கும் புரியும்.

சென்னை நண்பரே, புரியும், ஆனால் தப்பாகப் புரியும். இங்கே நீரிழிவை ‘இனிப்பு நீர்’ என்பார்கள். சர்க்கரைக்கு ஊசி என்றால் அது இன்சுலின். 2019-ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே விகிதம் இன்னும் அதிகம். அப்படிப்பட்ட ஊரில் சர்க்கரையைக் குறைக்கும் ஊசிக்கும் குளுக்கோஸையே உள்ளே செலுத்தும் ஊசிக்கும் ஒரே பெயர் வைத்தால் என்ன ஆகும்? ஒருவர் காலையில் போட்டுக்கொள்ளும் இன்சுலினை ‘அதான் முட்டியிலேயே போட்டாச்சே’ என்று விட்டுவிடுவார். இன்னொருவர் சர்க்கரை ஏறிவிடும் என்று பயந்து கிளினிக் பக்கமே வரமாட்டார்.

அந்தப் பயத்துக்குக் கணக்கு சொல்லலாம். 25 விழுக்காடு டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸின் இன்னொரு பெயர்) 10 மில்லி லிட்டர் போட்டால் உள்ளே போவது இரண்டரை கிராம் சர்க்கரை. ஒரு கோப்பை தே தாரிக்கில் (இங்கத்துப் பால் தேநீர்) அதைப் போலப் பல மடங்கு இருக்கிறது. உண்மையில் சர்க்கரையை ஏற்றுவது பெயரில் சர்க்கரையே இல்லாத ஸ்டெராய்டு ஊசிதான். முட்டியில் போட்டால்கூட நீரிழிவுக்காரருக்குச் சில நாள்களுக்கு இரத்தச் சர்க்கரை எகிறும். படிவத்தில் அழுத்தமான எழுத்தில் வரவேண்டிய எச்சரிக்கை அங்கேதான்.

இனி என் முன்மொழிவு. ‘தடுப்பூசி’ என்ற சொல்லை யாரும் அகராதி பார்த்துக் கற்கவில்லை. தடுப்பு, ஊசி, வேலை என்னவோ அதுவே பெயர். அதே அச்சில் மற்றவற்றையும் வார்க்கலாம். ஸ்டெராய்டு ஊசி மூட்டிலுள்ள அழற்சியைத் தணிக்கிறது: தணிப்பூசி. புரோலோதெரபி இதற்கு நேர் எதிர். 12.5 முதல் 25 விழுக்காடு வரையிலான குளுக்கோஸ் நீரை நார் எலும்போடு சேரும் இடத்தில் செலுத்துகிறார்கள். அந்த அடர்த்தி சுற்றியுள்ள உயிரணுக்களிலிருந்து நீரை இழுத்து, வேண்டுமென்றே ஒரு சிறு அழற்சியைக் கிளப்புகிறது. உடல் அதை ஆற்றப் புறப்படும்போது தளர்ந்த நாரும் வலுப்பெறும் என்பது கருத்து. எனவே: தூண்டூசி.

இந்த எதிரும் புதிரும் பெயரிலேயே தெரியவேண்டும் என்பதுதான் என் பிடிவாதம். தூண்டூசி போட்டுக்கொண்டவரிடம், வலித்தால் பனடோல் (பாரசிட்டமால்) போடுங்கள், வோல்டரன் மாதிரியான அழற்சி அடக்கும் மாத்திரைகளைத் தவிருங்கள் என்று மருத்துவர்கள் சொல்வார்கள். எழுப்பிவிட்ட அழற்சியை மாத்திரை போட்டு அமுக்கினால் போட்ட ஊசிக்கே பொருளில்லை. எல்லாமே ‘முட்டி ஊசி’ என்றால் இந்த அறிவுரை யார் மண்டையில் நிற்கும்?

> ‘உறுத்தூசி’ இன்னும் துல்லியம் அல்லவா?

துல்லியம்தான். கையெழுத்துப் போட வந்தவர் எழுந்து ஓடிவிடுவார். ‘தூண்டூசி’ என்றால் தூண்டில் முள் நினைவுக்கு வருகிறது என்று பட்டர்வொர்த் டீச்சர் எழுதியிருந்தார். வரட்டும், அது ஓரிரு மாதத்தில் தேய்ந்துபோகும்.

மூலச்சொல்லின் வேரைப் பிடித்து ‘பெருக்க மருத்துவம்’ என்று சொன்னவர்களுக்கு: புரோலோதெரபி என்ற பெயரை 1950களில் வைத்தவர் ஜார்ஜ் ஹேக்கெட் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர். 1956-இல் அவர் நூலும் வந்தது. அதற்கு முன் இதை இறுகச் செய்யும் மருத்துவம் என்ற பொருளில் ‘ஸ்கிளிரோதெரபி’ என்றார்கள். அந்தப் பெயர் இன்றைக்கு நாளப் புடைப்புக்கும் (வெரிகோஸ்) மூலநோய்க்கும் போடும் ஊசிக்கு நிலைத்துவிட்டது. உண்டாவது வெறும் தழும்பன்று, புதிய இழைகளின் பெருக்கம் என்று ஹேக்கெட் நம்பியதால் பெயரை மாற்றினார். அந்த லத்தீன் வேருக்குப் பிள்ளை, சந்ததி என்று பொருள். அதை அப்படியே கொண்டுவந்தால் நமக்குக் கிடைப்பது, ஒருவர் நேற்று அனுப்பியதுபோல, ‘இனப்பெருக்கச் சிகிச்சை’. எழுபது வயது ஆத்தாவிடம் அந்தத் தாளை நீட்டும் தாதியை நினைத்துப் பார்க்கிறேன்.

‘மீளுருவாக்க ஊசி’யும் எனக்கு உடன்பாடில்லை. கேட்க அழகான சொல், அதனால்தான் ஆபத்து. பெயரே வாக்குறுதி கொடுத்துவிடுகிறது. நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு ஆஸ்திரேலியாவில் நடந்து 2004-இல் வெளியான சோதனையில் குளுக்கோஸ் போட்டவர்களுக்கும் வெறும் உப்புநீர் போட்டவர்களுக்கும் வலி குறைந்தது. இரு தரப்புக்கும் வேறுபாடு தெரியவில்லை. முழங்கால் தேய்மானத்தில் 2013-இல் வந்த அமெரிக்கச் சோதனை ஒன்று குளுக்கோஸுக்குச் சாதகமாக அமைந்தது. இருந்தும் 2019-இல் அமெரிக்க வாதவியல் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பின் வழிகாட்டி முழங்காலுக்குப் புரோலோதெரபி வேண்டாம் என்றே சாய்ந்தது. வழக்கு முடியாதபோது தீர்ப்பைப் பெயரில் எழுதக்கூடாது. ‘தூண்டூசி’ என்றால் ஊசி என்ன செய்ய முயல்கிறது என்பது மட்டும் தெரியும். ஆறுமா ஆறாதா என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

> நரம்பு சம்பந்தப்பட்டதற்கெல்லாம் ‘நரம்பூசி’ போதும்.

போதாது. ‘நரம்பு’தான் இங்கே பெரிய தலைவலி. கால் பிசகினால் நரம்பு பிசகிவிட்டது, கையில் ஊசி ஏற்றத் தேடுவது நரம்பு, கெண்டைக்கால் பிடித்தால் நரம்பு சுருட்டிக்கொண்டது, கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் பார்வையற்றோர் நடத்தும் மசாஜ் கடைகளுக்குப் போவதும் நரம்பை எடுத்துவிடத்தான். இரத்த நாளம், தசையின் நாண், மூட்டின் நார், உணர்வைக் கடத்தும் நரம்பு எல்லாம் ஒரே சொல்லில். மலாய்க்காரரின் ‘ஊராட்’டும் இதே கதைதான். ‘சாலா ஊராட்’ என்றால் நம் நரம்புப் பிசகு. நல்லவேளை, உணர்வு நரம்புக்கு அவர்களிடம் ‘சாராஃப்’ என்று தனிச்சொல் இருக்கிறது. நமக்கு அந்த வசதி இல்லாததால், படிவத்தில் நரம்பு வரும் இடத்திலெல்லாம் முதல்முறை ‘உணர்வு நரம்பு’ என்று எழுதுவோம்.

அதற்குப் போடுவதிலும் இரண்டு வகை. லிக்னோகேய்ன் முதலிய மரப்பு மருந்தை நரம்பருகே போட்டு வலிச்செய்தியை நிறுத்துவது மரப்பூசி. இன்னொன்று, அல்ட்ராசவுண்ட் திரையில் பார்த்துக்கொண்டே நீரைப் பாய்ச்சி, சுற்றியுள்ள சவ்வோடு ஒட்டிக்கிடக்கும் நரம்பைப் பிரித்துவிடுவது. மணிக்கட்டு நரம்பு நெருக்குண்டவர்களுக்கு இதைச் செய்கிறார்கள். இதை விலக்கூசி எனலாமா? இதிலும் பெரும்பாலும் குளுக்கோஸ்தான், ஆனால் 5 விழுக்காடு. அந்த அடர்த்தி அழற்சியைத் தூண்டுவதில்லை. ஒரே மருந்து, இரண்டு வேலை. ‘சர்க்கரை ஊசி’ இங்கே இரண்டாம் முறையும் தோற்கிறது.

மூட்டு வழுக்கலாக அசையப் போடும் ஹையலுரானிக் அமிலத்துக்கு மசகூசி. மசகு எண்ணெய் தெரியாத மோட்டார் சைக்கிள்காரர் இங்கே யார்? ஆனால் படிவத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: சில தயாரிப்புகள் சேவல் கொண்டையிலிருந்து எடுக்கப்படுபவை, சில நுண்ணுயிர் வழியே செய்யப்படுபவை. சைவப் பெரியவருக்குப் பின்னால் தெரியவந்தால் வீட்டில் பெரிய ரகளை ஆகும்.

சொந்த இரத்தத்தைச் சுழற்றி அதிலுள்ள தட்டணுக்களைப் பிரித்துப் போடுவதற்குத் ‘தட்டணு ஊசி’ போதும். டெங்கி வந்த வீடுகளுக்குப் பிளேட்லெட்டைப் பற்றிப் பாடம் எடுக்கத் தேவையில்லை, அடைப்புக்குறி விளக்கமும் வேண்டாம்.

மிச்சம் ஒன்றுதான். தசையை எலும்போடு கட்டுவது தசைநாண். அதில் தகராறு இல்லை. எலும்பை எலும்போடு கட்டுவதைப் பலர் ‘தசைநார்’ என்று எழுதுகிறார்கள். அதில் தசையே கிடையாது, தசையின் இழைக்கும் அதே சொல் புழங்குகிறது. ‘மூட்டுநார்’ என்று வைத்துக்கொண்டு தட்டச்சைத் தொடங்கிவிட்டேன். மறுப்பிருந்தால் டீச்சரும் கிள்ளான் தாதி அக்காவும் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். சனிக்கிழமை கோப்பு கிளினிக்குக்குப் போகிறது.