மணப்பாடு: குன்றின் மேலுள்ள கோவிலுக்கு அப்பால் என்ன பார்க்கலாம்?

கேள்வி – வழிப்போக்கன்

அடுத்த மாதம் குடும்பத்துடன் திருச்செந்தூர் செல்கிறோம். அங்கிருந்து தெற்கே ஏறக்குறைய 18 கி.மீ. தொலைவில், குலசேகரன்பட்டினத்தை அடுத்திருக்கும் மணப்பாட்டுக்கும் ஒரு நாள் ஒதுக்கலாம் என்று எண்ணுகிறேன். கடலை நோக்கி நீண்டிருக்கும் மணற்குன்றையும் அதன் மேல் நிற்கும் திருச்சிலுவை ஆலயத்தையும் படங்களில் மட்டுமே பார்த்திருக்கிறேன். அந்த ஆலயத்தைப் புனித பிரான்சிஸ் சவேரியாரே கட்டினார் என்று சிலரும், அவருக்குப் பின்னர் கட்டப்பட்டது என்று வேறு சிலரும் எழுதியிருக்கிறார்கள். எது சரி? இவ்வளவு சிறிய மீனவக் கிராமத்தில் ஒரு நாள் முழுவதும் தங்கிப் பார்க்க என்ன இருக்கிறது?

மறுமொழி – நெய்தல்நிலத்தான்

பின்னர் கட்டப்பட்டது என்பதே சரி. முத்துக்குளித்துறை எனப்படும் இந்தக் கடற்கரைக்குச் சவேரியார் வந்தது 1542இல். சீனக் கரைக்கு அப்பாலுள்ள தீவொன்றில் அவர் இறந்தது 1552இல். குன்றின் மேலுள்ள ஆலயம் எழுந்ததோ 1581இல். அதற்கும் முன்பே, புயலில் சிக்கித் தப்பிய போர்த்துக்கீசிய மாலுமி ஒருவர், முறிந்த பாய்மரத்தில் சிலுவை செய்து இக்குன்றில் நட்டார் என்பது ஊரார் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி.

சவேரியார் இங்கே காலடி வைத்தபோது இக்கரைப் பரதவர்கள் ஏற்கெனவே திருமுழுக்குப் பெற்றிருந்தார்கள். முத்துக்குளிப்பு உரிமை தொடர்பான பூசலில் போர்த்துக்கீசியரின் துணையை நாடிய அவர்கள், 1530களின் நடுப்பகுதியில் ஊர் ஊராகக் கிறித்தவத்தைத் தழுவினார்கள். ஆனால் அவர்களுக்கு மறைக்கல்வி கற்பிக்க மொழி தெரிந்தவர் எவரும் இல்லை. அக்குறையைப் போக்கவே சவேரியார், இரு மொழியும் அறிந்தவர்களின் துணையோடு செபங்களைத் தமிழாக்கி, அவற்றை மனப்பாடம் செய்து, கையில் மணியுடன் தெருத்தெருவாகச் சென்று சிறுவர்களைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார்.

மணப்பாட்டின் வரலாற்றில் என் மனத்தை மிகவும் தொட்டது 1544ஆம் ஆண்டு ஜூன் மாத நிகழ்ச்சிதான். வடுகர் எனப்பட்ட தெலுங்குப் படையினர் குமரிமுனைக் கரையைச் சூறையாடியபோது, அங்கிருந்த மக்கள் கடலிலுள்ள பாறைகளில் ஏறி ஒளிந்து, பசியாலும் தாகத்தாலும் மடிந்துகொண்டிருந்தார்கள். செய்தி கேட்ட சவேரியார் உணவுப் பொருள்களோடு இருபது தோணிகளில் புறப்பட்டும், எதிர்க்காற்றால் முனையை அடைய முடியாமல் திரும்ப நேர்ந்தது. இதை அவர் மணப்பாட்டிலிருந்து தம் உடன்பணியாளர் மான்சிலாசுக்கு எழுதிய மடலிலேயே பதிவு செய்திருக்கிறார். குன்றின் மேல் நின்று தெற்கே பார்க்கும்போது இதை நினைவில் கொள்ளுங்கள்; அந்தக் கடல் வெறும் காட்சியாகத் தோன்றாது.

மறுமொழி – கருமேனிக்கரை

மேலே சொல்லப்பட்ட எதிர்க்காற்றைப் பற்றி, இக்கரையில் வளர்ந்தவன் என்ற முறையில் ஒன்று சேர்க்க விரும்புகிறேன். ஆனி, ஆடியில் இங்கே வீசுவது கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று. குமரியை நோக்கிச் செல்லும் தோணிக்கு அது முகத்தில் அறையும் காற்று. பாயை எப்படித் திருப்பினாலும் படகு பின்னுக்கே தள்ளப்படும். அதே காற்றை நம்பித்தான் இன்று அலைச்சறுக்கு வீரர்கள் பட்டங்களுடன் இங்கே வருகிறார்கள்.

குன்றின் கடலோரச் சரிவில் சவேரியார் தங்கிச் செபித்த குகை இருக்கிறது. அதற்கும் முன்னர் அது ஒரு சைவத் துறவியின் இருப்பிடமாக இருந்ததாகச் சொல்வார்கள். பலரும் ஆலயத்தை மட்டும் பார்த்துவிட்டு வண்டியேறி விடுகிறார்கள். குகைக்கு இறங்காமல் திரும்புவது பெரிய இழப்பு. குன்றுக்கு அருகே கருமேனி ஆறு கடலோடு கலக்கிறது. அலையில்லாத அந்தக் காயல்நீர் குழந்தைகளைக் கவரும். ஆனால் முகத்துவாரத்தில் நீரோட்டம் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், ஊர்க்காரர் எவரையும் கேட்காமல் அங்கே இறங்க வேண்டாம்.

பிறகு தெருக்களுக்குள் நடந்து பாருங்கள். புனித யாகப்பர் ஆலயம், பரிசுத்த ஆவி ஆலயம் இரண்டும் ஊருக்குள்ளேயே இருக்கின்றன. கொழும்போடு வாணிபம் செய்து செழித்த குடும்பங்கள் கட்டிய பெரிய வீடுகள் பல இன்னும் நிற்கின்றன. சிலவற்றில் ஆளில்லை என்பதைப் பார்க்க வருத்தமாக இருக்கும்.

பனையோலைக் கைவினையையும் விட்டுவிடாதீர்கள். குருத்தோலையை உலர்த்தி, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் கீற்றுகளாகக் கிழித்து, சாயமேற்றிப் பெண்கள் முடைகிறார்கள். ஓலையின் ஈரப்பதம் சற்றுக் குறைந்தாலும் மடிக்கும் இடத்தில் வெடித்துவிடும் என்பதால், விரல்கள் அதை உணர்ந்துகொண்டே வேலை செய்யும். ஒரு பெட்டியாவது அவர்களிடமே நேரில் வாங்குங்கள். பேரம் பேச வேண்டாம்.

வழிப்போக்கன்

இருவருக்கும் மிக்க நன்றி. செப்டம்பர் மாதத்துக்குப் பயணத்தைத் தள்ளிவைத்தால் திருவிழாவையும் காண இயலுமா?

மறுமொழி – நெய்தல்நிலத்தான்

இயலும். திருச்சிலுவையின் மகிமைத் திருவிழா செப்டம்பர் 14 அன்று. இயேசு அறையப்பட்ட சிலுவையின் துண்டாகப் போற்றப்படும் திருப்பண்டம் இங்கே இருப்பதால், பிற மாவட்டங்களிலிருந்தும் மக்கள் திரள்வார்கள். அந்நாள்களில் குகையையும் தெருக்களையும் நிதானமாகப் பார்க்க முடியாது. உங்கள் நோக்கம் வரலாறு என்றால் இப்போது திட்டமிட்டபடி சாதாரண நாளில், வெயில் ஏறுவதற்கு முன் காலையிலேயே குன்றுக்குச் செல்லுங்கள். திருவிழாவுக்குத் தனியாக இன்னொரு முறை வாருங்கள்.