புதுப்பிப்பு: தமிழே போதுமாம்!

அமெரிக்காவில் எங்கள் கல்லூரியில் பி.ஏ. முடிக்க நான்கு செமஸ்டர் அயல்மொழி கட்டாயம் என்கிறார்கள், வீட்டில் பேசும் தமிழைக் காட்டித் தப்பிக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். தப்பித்துவிட்டேன். அதற்குப் பதிலாக, ஆக்ட்ஃபில் (ACTFL) என்ற அமெரிக்க மொழி ஆசிரியர் அமைப்பின் வாய்மொழித் தேர்வைத் தமிழில் எழுதாமல் பேசியே முடித்ததை எங்கள் துறையில் ஏற்றுக்கொண்டார்கள்.

தொலைபேசியில் சுமார் அரை மணி நேரம். எந்தத் தமிழில் பேசுவது என்பதுதான் என் பயம். ‘வசிக்கிறேன்’ என்று செய்தி வாசிப்பதுபோல் ஆரம்பித்து, மூன்றாவது கேள்விக்குள் ‘இருக்கேங்க’வுக்கு வந்துவிட்டேன். அப்புறம் சரளம்தான். நடுவில் ஒரு நடிப்பு: பஸ்ஸில் விட்ட பையை டிப்போவில் கேட்க வேண்டும். ‘ஜிப்’புக்குத் தமிழ்ச்சொல் தேடி அரை நிமிடம் முழித்தேன், வேண்டாத வேலை.

துறையில் கேட்ட தகுதி இடைநிலையில் நடுப்படி (Intermediate Mid), எனக்கு அதற்கு அடுத்த மேல்படியே (Intermediate High) கிடைத்தது. ஸ்பானிஷ் வகுப்பை இன்றே விட்டாயிற்று. அன்று கேட்டபோது இந்த வழியைச் சொன்ன அக்காவுக்கு நன்றி.