மூன்று மைல் தள்ளி வருகிறவர் எப்படி ஃபைனலில் இருப்பவர் ஆவார்?

வான்பருந்து:
நேற்று வேறொரு இழையில் மேகராஜா எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. கலிஃபோர்னியாவின் வாட்சன்வில்லில் 2022 ஆகஸ்ட் 18 அன்று இரண்டு செஸ்னா விமானங்கள், ஒரு 152-உம் ஒரு 340-உம், வானில் மோதி மூன்று பேர் இறந்தார்கள். "சின்ன விமானம் குறுக்கே புகுந்தது, ஃபைனலில் வந்தவருக்கே முன்னுரிமை" (ஃபைனல் என்றால் ஓடுபாதைக்கு நேராக இறங்கி வரும் கடைசிக் கட்டம்) என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டார். அங்கே விமானங்களுக்கு வழி சொல்லும் டவர் கிடையாது. சின்ன விமானமான 152, இறங்குவதற்கான சுற்றில் ஓடுபாதையைச் சுற்றிப் பறந்துகொண்டிருந்தது. இரட்டை எஞ்சின் 340 சுற்றில் சேராமல் நேராக இறங்க வந்தது, அதுவும் சுமார் 180 நாட் (மணிக்கு 180 கடல் மைல்) வேகத்தில். மூன்று மைல் தள்ளி இருந்தவருக்கு என்ன முன்னுரிமை?

மேகராஜா:
என் பெயரை இழுத்ததால் வருகிறேன். அமெரிக்க விமானப் போக்குவரத்து விதி 91.113 என்ன சொல்கிறது? ஃபைனலில் இறங்க வருகிற விமானத்துக்கு வானில் இருக்கும் மற்றவை வழிவிட வேண்டும். 340 பத்து மைலிலேயே ரேடியோவில் சொன்னார். மூன்று மைலிலும் சொன்னார். சொன்னாரா இல்லையா?

வான்பருந்து:
சொன்னார். மூன்று மைல் என்றால் எவ்வளவு நேரம் என்று கணக்குப் போட்டீர்களா? 152 மாதிரி 60 நாட்டில் வந்தால் மூன்று நிமிடம். 180 நாட்டில் ஒரே நிமிடம். கேட்பவர் காதில் விழுவது மைல் மட்டும்தான், வேகம் விழாது. "வேகமாக வருகிறீர்கள், நான் கோ-அரவுண்ட் போகிறேன்" (இறங்காமல் மேலேறிப் போவது) என்று 152 சொன்னதுதான் கடைசி. அதைக் கேட்டும் குறுக்கே புகுந்தார் என்று எழுத எப்படி மனசு வந்தது?

பட்டாம்பூச்சி:
டவர் இருந்திருந்தால் இந்தப் பேச்சே இல்லை.

வான்பருந்து:
அதற்கு ஒரு மாதம் முன்பு, ஜூலை 17, வடக்கு லாஸ் வேகஸ் விமான நிலையம். டவர் இருந்தது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓடுபாதைகள். தனக்குச் சொன்னதை விட்டுவிட்டு மற்றதை நோக்கி ஒரு பைப்பர் விமானம் திரும்பி, இன்னொரு விமானத்தோடு மோதியது. நான்கு பேர் போனார்கள். படித்துவிட்டு வாருங்கள்.

பட்டாம்பூச்சி:
புதிதாக வருகிறவர்களிடம் இப்படித்தான் பேசுவீர்களா?

மேகராஜா:
அவர் அப்படித்தான். போன வருடம் ஃப்ளாப்ஸ் (இறக்கை மடல்கள்) பற்றிய இழையில் என்னையும் இப்படித்தான் பேசினார். சரி, விஷயத்துக்கு வருவோம். அதே விதி, தாழ்வாகப் பறப்பதைக் காரணம் காட்டி ஃபைனலில் இருப்பவருக்கு முன்னால் நுழையக்கூடாது என்கிறது. மூன்று மைல் என்று கேட்ட பிறகும் எதற்கு உள்ளே திரும்ப வேண்டும்?

வான்பருந்து:
அதே 91.113, முந்துகிறவர்தான் விலகிப் போக வேண்டும் என்றும் சொல்கிறது. அந்த வரி மட்டும் உங்கள் கண்ணில் படாது. விசாரித்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் யாரைச் சொன்னது? 340 விமானி பார்த்து விலகவில்லை என்றது.

மேகராஜா:
பார்த்து விலகவில்லை என்றது. முன்னுரிமை இல்லை என்று சொல்லவில்லை.

தெற்குக்காற்று:
152க்கு இறக்கை உடலுக்கு மேலே, 340க்குக் கீழே. கீழிறக்கை விமானம் மேலே, பின்னால் வந்தால் இறக்கைகள் மறைத்து, ஒருவரை ஒருவர் பார்ப்பதே கஷ்டம். இதை யாரும் பேசவில்லையே?

பட்டாம்பூச்சி:
சுற்றியுள்ள விமானங்களைக் காட்டும் ஏடிஎஸ்-பி திரை இருந்தால் தெரிந்திருக்கும்.

தெற்குக்காற்று:
சுற்றில் இருக்கும்போது திரையைப் பார்த்தால் வெளியே யார் பார்ப்பது?

பட்டாம்பூச்சி:
நீங்கள் எத்தனை மணி நேரம் பறந்திருக்கிறீர்கள்?

தெற்குக்காற்று:
உங்களுக்கு எதற்கு அது? லாக்புக் காட்டினால்தான் இங்கே பேசலாமா?

வான்பருந்து:
மணிக்கணக்கை விடுங்கள். நேராக வருகிறவர் சுற்றில் இருப்பவர்களின் ஓட்டத்தைக் குலைக்கக் கூடாது என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏவின் சுற்றறிக்கை 90-66 சொல்கிறது. நான் பயிற்சி எடுத்ததும் டவர் இல்லாத இடத்தில்தான். தனியாகப் பறந்த இரண்டாவது வாரம், பேஸில் (சுற்றில் ஃபைனலுக்கு முந்தைய பகுதி) இருக்கும்போது ஒருவர் இதே மாதிரி நேராக வந்தார். சுற்றை விட்டு வெளியேறித் தப்பித்தேன். இறங்கிய பிறகும் கை நடுங்கியது. "நான் மூன்று மைலில் சொன்னேனே" என்றார் அவர். அதனால்தான் அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மேகராஜா:
உங்களுக்கு நடந்தது வருத்தம்தான். ஆனால் விதி உங்கள் கை நடுக்கத்தைப் பார்த்து எழுதியதல்ல. மூன்று மைலில் சொன்னார்.

வான்பருந்து:
ஒரு நிமிடம். மூன்று மைல் இல்லை, ஒரு நிமிடம்.

மேகராஜா:
மூன்று மைல்.